மூன்றரை மணிப் பசி

அந்த அறிவித்தலை பிரேமிளா ஏழு தரம் வாசித்தாள். எட்டாவது தரம் கடைசி வரியில் கண் நின்றபோது, கையிலிருந்த தேத்தண்ணிப் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

நெடுங்கேணியிலிருந்து காட்டோரமாய்ப் போகும் கிறவல் மண் வீதியில் அந்தச் சின்ன ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. அதன் வாசலில்தான் ஆறு வருஷமாக அவளுடைய பிழைப்பு. இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு பேசின் வடை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. அவ்வளவுதான் கடை.

அறிவித்தல் சொன்னது இது: வளாகத்துக்குள் உணவகம் ஒன்று திறக்கப்படும். நடத்த விரும்புகிறவர்கள் வெண்டிக்காயை ஆயுர்வேத முறைப்படி சமைத்து, பத்துப் பேருக்குப் பந்தி வைத்துக் காட்ட வேண்டும். பந்தி பகல் பன்னிரண்டு மணி. புள்ளி போடுவது பிற்பகல் மூன்றரை மணிக்கு. கடைசி வரி: உணவகம் திறக்கும் நாள் தொடக்கம் வாசலில் வியாபாரம் தடை.

வென்றால் உள்ளே. தோற்றால் வாசலும் இல்லை.

"என்ன பிள்ளை, மனப்பாடம் பண்ணுறியோ?"

பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர் வீரபாகு. பஸ் நிலையத்தடியில் இருக்கும் பெரிய சாப்பாட்டுக் கடையின் முதலாளி. பந்தி வைப்பதில் அவரை வெல்ல அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. அவர் கடையில் சாப்பிட்டவன் எழும்பி நடந்ததில்லை, உருண்டுதான் போனான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை அவரே எல்லாருக்கும் சொல்வார்.

"நீங்களும் போடுறியளோ முதலாளி?"

"போடாமல்? ஆயுர்வேதமெண்டா என்ன? மருந்துச் சரக்கு! வவுனியாவுக்குப் போய்ப் பதினொரு சரக்கு வாங்கப் போறன். நீ ஏன் பிள்ளை வீணா மினைக்கெடுறாய்? மலைநாட்டு ஆக்களுக்கு ரொட்டியும் கட்டைச்சம்பலும் நல்லா வரும். பந்தி வைக்க வருமோ?"

அப்பப்பா காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பம் பிரேமிளாவுடையது. அவள் பிறந்ததும் நெடுங்கேணிதான், நெல் விதைத்ததும் நெடுங்கேணிதான். ஆனாலும் யாராவது ஒருவர் மலையை இழுத்துக்கொண்டு வந்து அவள் தலையில் வைப்பார்கள்.

"வந்து பாருங்கோ முதலாளி. தோத்தால் உங்களுக்கு ரொட்டி சுட்டுத் தாறன்" என்றாள்.

வீரபாகு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அறிவித்தலில் விரல் வைத்தார். "பந்தி பன்னிரண்டுக்கு, புள்ளி மூண்டரைக்கோ? விளங்குது, விளங்குது. அரசாங்கக் கச்சேரியில இருந்து பெரிய ஐயா வாறார் போல. பன்னிரண்டெண்டா மூண்டரைக்குத்தான் வருவினம். எங்கட ஊர் வழமைதானே!"

சுற்றி நின்ற நோயாளிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். பிரேமிளாவும் ஆட்டினாள். அதிகாரி பிந்துவதை அந்த மண்ணில் யார்தான் சந்தேகிப்பார்கள்?

*

அன்று பின்னேரம் வடைப் பேசினைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

அவளுடைய கதிரைக்கு நேர் பின்னால் டொக்டரின் அறை யன்னல். டொக்டர் மேனுகா சின்ன வயது. குரல் மட்டும் பெரியது. ஆறு வருஷமாகக் கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அந்தக் குரல் சொல்வதெல்லாம் பிரேமிளாவின் காதில்தான் விழுந்தது.

"வயித்தில பாதி சாப்பாடு ஐயா, கால்வாசி தண்ணி, கால்வாசி காத்துக்கு விடுங்கோ." "மாரி காலம் அம்மா, வயித்துக்குள்ள இருக்கிற அடுப்பும் நனைஞ்சு போயிருக்கும். ஈர அடுப்பில பெரிய கட்டையைத் திணிச்சால் புகைதான் வரும்." "வெண்டிக்காய் நல்ல காய்தான். ஆனால் குளிர்ச்சி, வழுவழுப்பு. அதோட தயிரையும் பாலையும் சேர்த்தால் சளிக்குச் சம்பந்தம் பேசின மாதிரி."

இவற்றையெல்லாம் சொல்வதற்கு முன்னால் டொக்டர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்றல்ல. ருசியாக இருந்ததா என்றுமல்ல.

"சாப்பிட்டு மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எப்பிடி இருந்தது?"

பிரேமிளாவின் கையிலிருந்து பேசின் விழுந்து உருண்டது.

பன்னிரண்டு மணிக்குப் பந்தி. மூன்றரைக்குப் புள்ளி. எந்த ஐயாவும் வரப்போவதில்லை. புள்ளி போடப் போவது வாயைப் பார்த்து அல்ல, வயிற்றைப் பார்த்து!

ஓடிப்போய்த் தங்கச்சி ராஜினியிடம் சொன்னாள். ராஜினி வாயைப் பிளந்தாள்.

"நிச்சயமா தெரியுமோ அக்கா?"

"தெரியாது."

"டொக்டரிட்டக் கேட்டனீயோ?"

"கேட்டால் கள்ள வேலையெண்டுதானே சொல்லுவினம். நானா நினைச்சதுதான்."

"அப்ப நினைச்சது பிழைச்சால்?"

"பிழைச்சால் வாசல் கதிரையை விறகுக்குப் போடுவம்."

"அது பிளாஸ்டிக் அக்கா" என்றாள் ராஜினி பரிதாபமாக.

*

பந்தி நாள் விடிந்தபோது வானம் கரியைப் பூசிக்கொண்டு நின்றது.

முந்தின நாளே பிஞ்சு வெண்டிக்காயாகப் பார்த்து, ஒவ்வொன்றின் நுனியையும் பெருவிரலால் முறித்துப் பார்த்து எடுத்திருந்தாள். டக்கென்று முறிந்தது உள்ளே. வளைந்து கொடுத்தது மாட்டுக்கு. விடியவே கழுவி, பழைய பருத்திச் சேலையில் பரப்பி, ஒன்று ஒன்றாகத் துடைத்தார்கள்.

"குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு! பவுடரும் போடுவமோ?" என்றாள் ராஜினி.

"வெட்டினாப் பிறகு தண்ணி பட்டுதோ, எல்லாம் நூல் நூலாய் வழுக்கும். பேசாமல் துடை."

வைத்தியசாலை முற்றத்தில் இரண்டு தகரக் கொட்டில்கள் போட்டிருந்தார்கள். ஒன்றில் வீரபாகு, மூன்று வேலையாட்கள், நான்கு அடுப்புகள், பதினொரு சரக்கின் பெயர் எழுதிய மட்டை. மற்றதில் அக்காவும் தங்கச்சியும், ஒரு பானை சிவப்பரிசிச் சோறு, ஒரு சின்னப் பானை பருப்பு, ஒரு இரும்புத் தாச்சி.

பதினொன்றரைக்கு நல்லெண்ணெய் காய்ந்தது. சீரகம் வெடித்தது. உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை. வெண்டிக்காய் தாச்சியில் விழுந்து 'ஸ்ஸ்ஸ்' என்ற அதே நொடியில் மழையும் விழுந்தது.

கொட்டில் தகரத்தில் ஓட்டை. நேர் கீழே தாச்சி!

முதல் துளி எண்ணெயில் பட்டுச் சீறியது. ராஜினி பாய்ந்து மூடியைத் தூக்கினாள்.

"மூடினியோ, அகப்பையால போடுவன்!" பிரேமிளா கத்தினாள். "மூடினால் ஆவி இறங்கும். ஆவி இறங்கினால் களி! குடை எங்க? குடையை எடு!"

"தாச்சிக்குக் குடையோ?"

"தாச்சிக்கில்லையடி, வெண்டிக்காய்க்கு!"

இடது கையில் பூப்போட்ட குடை, வலது கையில் அகப்பை. தோள் நனைந்தது, தலை நனைந்தது, தாச்சி நனையவில்லை. திறந்த தாச்சியில் வெண்டிக்காய் ஈரத்தை விட்டு, நூலை விட்டு, ஓரம் சிவந்து உதிரியாய் நின்றது. இறக்குகிற நேரத்தில்தான் உப்பும் இடித்த மிளகும் போட்டாள். பிறகு ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி.

அடுத்த கொட்டிலிலிருந்து வீரபாகுவின் குரல் வந்தது. "பிள்ளை, மழையில நனைஞ்சு சளி பிடிச்சால் சொல்லு. என்னட்டப் பதினொரு சரக்கு இருக்கு!"

*

சாப்பிட வந்த இருபது பேரையும் சீட்டுக் குலுக்கி வைத்தியசாலை மண்டபத்தில் இரண்டு வரிசையாக இருத்தினார்கள். எல்லாரும் சிகிச்சைக்கு வருகிறவர்கள், விருப்பத்தோடு பெயர் கொடுத்தவர்கள். பிரேமிளாவின் வரிசையில் வந்து விழுந்தவர்களில் இரண்டு பேரைப் பார்த்ததும் ராஜினியின் முகம் வெளுத்தது.

ஒருவர் உழவு இயந்திரம் ஓட்டும் சின்னராசா. அவர் குந்தினால் பானை அழும். மற்றவர் அன்னபாக்கியம். முழங்கால் வலிக்கு வருகிறவா. வாய்க்கு வலி வந்ததாக வரலாறு இல்லை.

எதிர் வரிசையில் வீரபாகு வாழையிலையை நிரப்பினார். வெண்டிக்காய்ப் பால்கறி, வெண்டிக்காய்க் குழம்பு, வெண்டிக்காய்ப் பொரியல், வெண்டிக்காய்த் தயிர்ப் பச்சடி, அப்பளம், கடைசியில் பாயாசம். இந்தப் பக்கம் சோறு, பருப்பு, வெண்டிக்காய்ப் பிரட்டல். இலையின் பச்சைதான் கூடுதலாகத் தெரிந்தது.

அன்னபாக்கியம் இலையைப் பார்த்தா, பிரேமிளாவைப் பார்த்தா. "மிச்சம் பின்னால வருதோ பிள்ளை?"

"இவ்வளவுதான் அம்மா. சூட்டோட சாப்பிடுங்கோ. ஆறுதலாச் சப்பிச் சாப்பிடுங்கோ."

"ஆறுதலாச் சப்பத்தான் வேணும். கெதியாச் சப்பினால் முடிஞ்செல்லோ போகும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் வாயில் வைத்ததும் சிரிப்பு நின்றது. சின்னராசா மூன்றே பிடியில் இலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, உதில இன்னும் ரெண்டகப்பை."

இதோ வந்துவிட்டது அந்தக் கண்டம்.

வன்னியில் பந்திக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எழுதாத சட்டம். சாப்பிடுகிறவர் போதும் போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைக்க வேண்டும். பரிமாறுகிறவர் விரல் இடைவெளிக்குள்ளால் சோற்றைத் தள்ள வேண்டும். அதுதான் மரியாதை. கேட்டும் போடாமல் விட்டால் அது ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டும் அவமானம்.

பானையில் சோறு இருக்கிறது. தாச்சியில் பிரட்டல் இருக்கிறது. பிரேமிளாவின் கை தானாகவே அகப்பையைத் தேடிப் போனது.

பாதி சாப்பாடு. கால்வாசி தண்ணி. கால்வாசி காத்து. மாரி காலம், ஈர அடுப்பு.

அகப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும் அண்ணை."

வரிசையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"என்ன?" என்றார் சின்னராசா. தன் ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு சொல்லைப் பந்தியில் அவர் கேட்டதேயில்லை.

"இண்டைக்கு இவ்வளவுதான் அண்ணை. குறை நினைக்காதேங்கோ. கொஞ்சம் இளஞ்சூடாச் சீரகத் தண்ணி தாறன்."

"தண்ணியோ!" அன்னபாக்கியம் கையை உதறினா. "என்ரை கலியாணத்தில கூட இப்பிடி ஒருத்தரும் என்னை எழுப்பேல்லை. அந்தப் பக்கம் பாருங்கோ, மனுசர் குளிச்சுக்கொண்டிருக்கினம் பாயாசத்தில! எங்களுக்கு வந்த சீட்டைப் பார்!"

எதிர் வரிசையில் வீரபாகு மூன்றாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். "மறையாதேங்கோ, மறையாதேங்கோ, விரலுக்குள்ளால விடுவன்!" அங்கே கைதட்டல். இங்கே கவிழ்த்த அகப்பை.

யன்னலருகில் நின்ற டொக்டர் மேனுகாவின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பிரேமிளா அந்த முகத்தையே பார்த்தாள். ஒரு சின்னத் தலையாட்டல் போதும். வரவில்லை.

நான் நினைத்தது பிழையென்றால்? உண்மையிலேயே கச்சேரி ஐயா பிந்தித்தான் வருகிறார் என்றால்?

ஆனாலும் அவள் கவிழ்த்த அகப்பையை நிமிர்த்தவில்லை.

*

மழை விடவில்லை. இருபது பேரும் மண்டபத்திலேயே இருந்தார்கள். டொக்டர் வழமைபோல உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி. வீரபாகுவின் வரிசை பழைய கதை பேசிச் சிரித்தது. பிரேமிளாவின் வரிசை அவளைப் பற்றிப் பேசியது.

ஒன்றரை. எதிர்ப் பக்கம் கதை குறைந்தது. யாரோ பெரிதாக ஏப்பம் விட்டார்கள். வீரபாகு பெருமையாக நிமிர்ந்தார். "கேட்டியளோ? அதுதான் சான்றிதழ்!"

இரண்டரை. எதிர் வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. ஒருவர் இடுப்புப் பட்டியைத் தளர்த்தினார். இன்னொருவர் நெஞ்சைத் தடவியபடி, "தயிர்தான் கொஞ்சம் மேல மேல வருது" என்றார்.

பிரேமிளா தன் வரிசையைப் பார்த்தாள். அன்னபாக்கியம் நேராக நிமிர்ந்திருந்து பக்கத்து மனுசிக்கு மருமகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தா. இரண்டு பேர் எழும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் சரி. ஆனால்…

சுவரோரம் ஒரு குறட்டை. ஆலைச் சத்தம் போல.

சின்னராசா!

"ஐயோ, ராஜினி! அவர் மட்டும் ஏன் நித்திரை?"

ராஜினி நிலத்தைப் பார்த்தாள். தாவணி நுனியைச் சுருட்டினாள். "அக்கா… அவர் கொட்டில் பக்கம் கை கழுவ வந்தவர். மூஞ்சையைப் பார்க்க ஏலாமல் போச்சு. ரெண்டகப்பை… போட்டுட்டன்."

"ரெண்டகப்பையோ?"

"நாலு."

பிரேமிளா கண்ணை மூடினாள். மணிக்கூடு மூன்றரை அடித்தது.

*

எந்த ஐயாவும் வரவில்லை. ஜீப் சத்தம் கேட்கவில்லை. அறைக் கதவு திறந்தது. டொக்டர் மேனுகா ஒரு கொப்பியும் பேனையுமாக வந்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றார்.

"புள்ளி போடுவம்" என்றார்.

வீரபாகு எழும்பினார். "டொக்டர், பெரிய ஐயா இன்னும்…"

"ஐயா ஒருத்தரும் வரேல்லை முதலாளி. புள்ளி போடுற ஆக்கள் இருபது பேரும் இஞ்சதான் இருக்கினம். சாப்பிட்ட நேரம் எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தேவையில்லை. இப்ப, மூண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு, எப்பிடி இருக்குது? அதுதான் கேள்வி."

பிரேமிளா ராஜினியின் தோளை இடித்தாள். சரி! நினைத்தது சரி!

டொக்டர் முதலில் வீரபாகுவின் வரிசைக்குப் போனார். தட்டி எழுப்பித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஐயா, எப்பிடி?"

"ருசியெண்டா ருசி டொக்டர். இப்பதான் நெஞ்சு எரியுது."

"அம்மா?"

"வயிறு மேளம் மாதிரி ஊதிக் கிடக்கு பிள்ளை."

"பசிக்குதோ?"

"ஐயோ, சாப்பாட்டைப் பற்றிக் கதையாதேங்கோ!"

பத்துப் பேரில் இரண்டு பேர் மட்டும் சுகமாய் இருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் பாயாசத்தைத் தொடாதவர். டொக்டர் எழுதிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார். மண்டபமே எட்டிப் பார்த்தது.

முதல் ஆள் அன்னபாக்கியம். வாய் திறந்தால் என்ன வரும்?

"அம்மா, ஏப்பம்?"

"இல்லை."

"நித்திரை?"

"இல்லை. பகலில படுத்தால் முழங்கால் பிடிக்கும். இண்டைக்குப் பிடிக்கவுமில்லை."

"பசி?"

அன்னபாக்கியம் பிரேமிளாவை முறைத்துப் பார்த்தா.

"பசிக்குது!" என்றா. "நல்லாப் பசிக்குது. மாத்திரை போட்டும் வராத பசி. ரெண்டு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வயிறு என்னோட கதைக்குது. இவள் பாவி ஒரு அகப்பையோட நிப்பாட்டினவள், நான் எவ்வளவு திட்டினனான்!"

"அடுத்த ஆள்?"

"பசிக்குது டொக்டர்."

"எனக்கும்."

"ஒரு பிளேன்டீயும் ஏதும் கடிக்கவும் இருந்தால் நல்லம்."

ஒவ்வொருவராய், ஒவ்வொருவராய். ஒன்பது பேர். ஒன்பது பசி! ராஜினி வாயில் கை வைத்து விம்மினாள். பத்தாவது ஆளிடம் வந்ததும் டொக்டர் குனிந்தார்.

"சின்னராசா ஐயா! ஐயா!"

சின்னராசா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன, ரெண்டாம் பந்தி போட்டாச்சோ?"

மண்டபம் அதிர்ந்தது. டொக்டர் மேனுகாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தரமாகச் சிரிப்பு வந்தது. ராஜினி முன்னால் வந்து, நாலு அகப்பைக் கதையைத் தானாகவே ஒப்புக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் டொக்டர். "ஒரே சமையல், ஒரே காய், ஒரே தாச்சி. அளவோட சாப்பிட்ட ஒன்பது பேர் முழிப்பு. மேலதிகமா நாலு அகப்பை சாப்பிட்டவர் நித்திரை. இதைத்தான் ஆறு வருஷமா நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒருத்தருக்கும் கேக்கேல்லை எண்டு நினைச்சன்." பிரேமிளாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?"

"உங்கட யன்னலுக்குப் பின்னாலதானே என்ரை கதிரை டொக்டர்" என்றாள் பிரேமிளா. "நோயாளியள் மருந்தை வாங்கிக்கொண்டு போயிடுவினம். மிச்சம் எல்லாம் எனக்குத்தான்."

உணவக அறைப் பூட்டின் திறப்பு டொக்டரின் மேலங்கிப் பையிலிருந்து வெளியே வந்தது. பித்தளைத் திறப்பு, சிவப்பு நூலில் கட்டியிருந்தது. அதை அவள் கையில் வைத்தபோது யார் முதலில் கைதட்டியது என்று தெரியாது. அன்னபாக்கியம் என்றுதான் ராஜினி இன்றைக்கும் சொல்கிறாள்.

*

ஒன்பது பேர் பசியோடு நிற்கிறார்கள். வெற்றியை உட்கார்ந்து ரசிக்க நேரமேது? கூடையில் பாதி வெண்டிக்காய் மிச்சம். பிரேமிளா புதிய அறையைத் திறந்தாள். முதல் வேலையாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஓட்டை இல்லை. தாச்சியை ஏற்றினாள். மூடி போடவில்லை. மிளகு வாசம் மண்டபத்தைத் தாண்டி வாசல்வரை போனது.

எல்லாருக்கும் ராஜினி சுட்ட சின்ன ரொட்டியும் ஒரு கரண்டி பிரட்டலும் கொடுத்த பிறகு, கடைசி ஆளாக வீரபாகு வந்து நின்றார். கையில் பீங்கான் தட்டு.

"உன்னட்ட ரொட்டி வாங்கிறதெண்டா நீ தோற்றிருக்க வேணும்" என்றார். "ஆனால் நான் மத்தியானம் சாப்பிடேல்லை பிள்ளை. பரிமாறின வேகத்தில மறந்துபோனன்."

"அப்ப உங்களுக்குத்தான் முதலாளி நல்ல பசி இருக்கும். வாங்கோ."

அவர் நின்றபடியே சாப்பிட்டார். ஒரு வாய். இரண்டு வாய். புருவம் மேலே போனது. பதினொரு சரக்கையும் நினைத்தாரோ என்னவோ, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பீங்கானைத் துடைத்து, மெல்ல அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் ஒரு அகப்பை."

பிரேமிளா அகப்பையை எடுத்தாள். அவர் முகம் மலர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பின்னால் அன்னபாக்கியத்தின் தலைமையில் மண்டபமே ஒரே குரலில் கத்தியது.

"போதும் முதலாளி!"